கரண்டு வந்தால் நிற்கிற உடம்பு

எனக்கு நோய் வந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. பிளஸ் டூ படித்த ஒரு பெண்.

இலஞ்சிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். ஆசிரியர் தினத்தன்று பிள்ளைகள் எங்களைப் போல வேஷம் கட்டி மேடையேறுவார்கள். யார் எப்படி நடக்கிறார், எப்படித் திட்டுகிறார், சாக்பீஸை எந்தக் கோணத்தில் எறிகிறார் என்று நடித்துக் காட்டுவார்கள். வருடத்தில் ஒரு நாள் அதற்கு அனுமதி உண்டு. நாங்களும் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து, நம்மையே பார்த்துச் சிரித்துவிட்டு வருவோம்.

அந்த வருடம் கண்மையால் மீசை வரைந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் ப்யூரெட் (அமிலத்தைத் துளித்துளியாக விட உதவும் கண்ணாடிக் குழாய்). இடது தோளை ஒரு உலுக்கு உலுக்கினாள். விரல்கள் காற்றில் எதையோ வாசித்தன. கழுத்து ஒரு பக்கமாக வெட்டியது. நாக்கு நுனி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

மேடையில் நின்றது என் அப்பா.

அப்பா இறந்தபோது அந்தப் பெண் பிறந்தே இருக்க மாட்டாள். பிறகு எப்படி? பக்கத்திலிருந்த என் மனைவி கோமதியிடம் குனிந்து, "ஏட்டி, இந்தப் பிள்ளைக்கு எங்க அப்பாவ எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

கோமதி சிரிக்கவில்லை. என் இடது தோளில் கையை வைத்து அழுத்தினாள். "அவ உங்களத்தான் காட்டுதா அத்தான்" என்றாள்.

அவள் கைக்குக் கீழே என் தோள் ஆடிக்கொண்டிருந்ததாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதைப் படிப்பவர்கள் நம்பவேண்டிய முதல் விஷயம் இதுதான். இந்த நோயில் உடம்பு ஆடும், ஆடுவது ஆடுகிறவனுக்குத் தெரியாது. எனக்கு ஸ்பிரிங் சார் என்று பட்டப்பெயர் இருந்ததே அப்புறம்தான் காதுக்கு வந்தது. அதுவரை ஆய்வகத்தில் ப்யூரெட் உடைந்தபோதெல்லாம் கண்ணாடி மட்டம் என்று செய்த கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் ஊரில் அவர் குடிகாரர். தள்ளாடினார், வாய் குழறினார், வேறென்ன சொல்வார்கள்? கோயில் கொடைத் திருவிழா அன்று பந்தியிலிருந்து எழுப்பி வெளியே உட்காரவைத்திருக்கிறார்கள். ஒருநாள் வயலுக்குப் போனவர் வாய்க்கால் வரப்பில் விழுந்து எழுந்திருக்கவில்லை. அவருடைய போட்டோ ஒன்றே ஒன்று வீட்டில் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் எத்தனை முறை சொல்லியும் அசைந்துகொண்டே இருந்ததால், சட்டை தெளிவாகவும் முகம் கலங்கலாகவும் விழுந்த போட்டோ. அதற்குத்தான் மாலை போட்டு வைத்திருக்கிறோம்.

தென்காசியில் காட்டியபோது மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் போகச் சொன்னார்கள். செங்கோட்டை, புளியரை வழியாகப் போகிற அந்தப் பாதையை அதற்கு முன் சபரிமலைக்குப் போகும்போது மட்டுமே பார்த்திருக்கிறேன்.

நரம்பியல் டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். அது நில்லாமல் உள்ளே ஓடியது. என் கையில் அவர் விரலைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். நான் இறுக்கிப் பிடித்ததாகத்தான் நினைத்தேன். பால் கறப்பதுபோல இறுகுகிறது, தளர்கிறது என்றார். பிறகு ரத்தம் எடுத்தார்கள். ஹன்டிங்டன் நோய் (பரம்பரையாக வரும் மூளைத் தேய்வு) என்று முடிவு வந்தது. ஆட்டத்துக்குக் கொரியா (நம்மை அறியாமல் கை, கால், முகம் துள்ளுவது) என்று பெயர். கிரேக்கத்தில் நடனம் என்று அர்த்தமாம். யார் வைத்தார்களோ, நல்ல ரசனை.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் விளக்கினார். ஒரு தாளில் ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு எங்கள் குடும்பத்தை வரைந்தார். தாத்தாவும் கடைசிக் காலத்தில் தள்ளாடியதாகக் கேள்விப்பட்டதைச் சொன்னேன். தாத்தா, அப்பா, நான். மூன்று கட்டங்களுக்கும் கறுப்பு அடித்தார். பக்கத்தில் கோமதிக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டு, "ரெண்டு பேரும் சொந்தமோ?" என்று கேட்டார்.

"அத்தை மகள்" என்றேன்.

அவர் பேனா அப்படியே நின்றது. எங்கள் பக்கம் அத்தை மகள், மாமன் மகள் என்றால் முறைப்பெண். பிறக்கும்போதே பேசி வைத்துவிடுவார்கள். வெளியே பெண் எடுத்தால்தான் ஏன் என்று கேட்பார்கள். கோமதி என் அப்பாவின் தங்கை மகள். அத்தை ஒரு விஷக்காய்ச்சலில் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அத்தை உடம்பு ஆடி யாரும் பார்த்ததில்லை. ஆடுகிற வயது வரை அவள் இருக்கவே இல்லை.

டாக்டர் தாத்தாவிலிருந்து அத்தைக்கு ஒரு கோடு இழுத்து, அத்தையிலிருந்து கோமதிக்கு இழுத்தார். சொந்தத்தில் கட்டியதால் இந்த நோய் வருவதில்லை, ஆனால் இரண்டு பேரும் ஒரே தாத்தாவின் ரத்தம் என்பதால் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டியிருக்கிறது என்றார். அத்தையின் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டார். கோமதியின் வட்டத்துக்குள்ளும் போட்டார். ஆற்றுப்படுத்துநரிடம் (பரிசோதனைக்கு முன்னும் பின்னும் மனதைத் தயார்படுத்துபவர்) பேசிவிட்டு, விரும்பினால் ரத்தம் கொடுக்கலாம் என்றார்.

"வேண்டாம் டாக்டர்" என்றாள் கோமதி. "ஒருத்தரப் பாக்க இன்னொருத்தர் வேணும். எனக்கும் இருக்குன்னு தெரிஞ்சா நான் இவங்களப் பாப்பேனா, என்னையவே பாத்துட்டு இருப்பேனா?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காகச் சங்கரன்கோவில், இன்னும் எங்கெங்கோ என்று அலைந்திருக்கிறோம். திரும்பி வரும்போது, ஆரியங்காவு தாண்டியதும், கோமதி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நல்லவேளை" என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை சேர்ந்துகொண்டது. அவளைப் பார்ப்பது. தோசை ஊற்றும்போது, துணி மடிக்கும்போது, டிவி பார்க்கும்போது. என் உடம்பு ஆடுவது எனக்குத் தெரியாது, சரி. அவள் ஆடினால் எனக்குத் தெரியும் அல்லவா? ஆனால் ஆடுகிற கண்ணால் எதையும் நிறுத்திப் பார்க்க முடியவில்லை.

அடுத்த சில வருடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலையை விட்டேன். சாப்பாடு வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்தியது. எவ்வளவு சாப்பிட்டாலும் மெலிந்தேன், அத்தனையும் ஆடியே செலவானது. நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தேன். குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள், காலையிலேயே இந்த ஆள் ஏற்றிவிட்டு வருகிறான் என்று வாசற்கதவைச் சாத்தினார்கள். மாத்திரைகள் ஆட்டத்தைக் கொஞ்சம் குறைத்தன, கூடவே என்னை ஒரு மூலையில் சுருட்டிப் போட்டன. பேச்சில்லை, பசியில்லை, யார்மீதும் ஒட்டுதல் இல்லை. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். ஆட்டம் முன்னைவிட வேகமாகத் திரும்பி வந்தது.

அப்போதுதான் ஆழ்மூளைத் தூண்டல் பற்றிச் சொன்னார். மூளையின் அடியாழத்தில், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் இடத்தில், இரண்டு பக்கமும் மெல்லிய கம்பிகளை இறக்குவார்கள். அவை தலைத்தோலுக்கு அடியில், காதுக்குப் பின்னால் இறங்கி, மார்பில் தோலுக்குள் வைக்கும் ஒரு சின்னப் பெட்டியோடு சேரும். பெட்டி இடைவிடாமல் மின்சாரம் அனுப்பும். நடுக்குவாதத்துக்கு (பார்க்கின்சன் நோய்) இது பழகிய சிகிச்சை. எங்கள் நோய்க்கு அபூர்வமாகச் செய்வது, எல்லாருக்கும் பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

"இது அசுகம் மாத்துற ஆபரேஷன் இல்ல, கேட்டோ" என்றார் அவருடைய மலையாளம் கலந்த தமிழில். அசுகம் என்றால் நோய். "ஆட்டம் குறையலாம். மறதி, விழுங்குற கஷ்டம், நடை, அதெல்லாம் அதன் வழியில போகும்."

எனக்கு விருப்பமில்லை. மண்டையைத் துளைத்துக்கொண்டு, அப்புறமும் நோயாளியாகவே இருப்பதற்கு எதற்கு? கோமதிதான் ஒற்றைக் காலில் நின்றாள். அவள் எதற்கும் அடம்பிடிக்கிற ஆள் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தினமும் கேட்டாள். "எப்ப போறோம்?" "டாக்டருக்குப் போன் பண்ணுனீங்களா?" என் கஷ்டம் பொறுக்காமல்தான் இப்படித் துடிக்கிறாள் என்று நினைத்துச் சம்மதித்தேன்.

மொட்டையடித்தார்கள். தலையைச் சுற்றி ஓர் இரும்புச் சட்டத்தைத் திருகினார்கள். சிலருக்கு விழித்திருக்கும்போதே செய்வார்கள். நான் ஆடுகிற ஆட்டத்தில் அது நடக்காது என்பதால் முழு மயக்கம். விழித்தபோது தலை கனத்தது, மார்பில் தோலுக்கு அடியில் தீப்பெட்டிபோல ஒன்று தட்டுப்பட்டது. மற்றபடி அதே நான், அதே ஆட்டம். புண் ஆறட்டும், பெட்டியை அப்புறம் ஓடவிடலாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சில வாரம் கழித்து ஓடவிட்டார்கள். டாக்டர் கையில் ஒரு டேப்லெட் இருந்தது. அதில் விரலை மெல்ல மேலே தள்ளினார். கண் ஓரத்தில் மின்மினிபோலப் புள்ளிகள் பறந்தன. "வெளிச்சம் வருதோ?" என்று கேட்டு, நான் தலையாட்டுவதற்குள் குறைத்தார். அடுத்துத் தாடை இறுகியது. அதையும் தளர்த்தினார். நான் வாய் திறக்காமலே எனக்குள் நடப்பது அவருக்குத் தெரிந்தது. பிறகு இன்னொரு இடத்தில் விரலை வைத்து ஏற்றினார்.

என் கைகள் மடியில் வந்து இறங்கின. இறங்கிய இடத்திலேயே கிடந்தன.

கோமதி "அத்தான்" என்றாள். அவள் குரலில் பயம் இருந்தது. கரண்டு போனால் நிற்கிற ஃபேனைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கரண்டு வந்தால் நிற்பது நான் ஒருவன்தான். டாக்டர் சரிபார்ப்பதற்காக ஒருமுறை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் தோள் துள்ளிற்று என்று கோமதி சொன்னாள். மறுபடி போட்டார், நின்றது. அவர் விரலுக்கும் என் தோளுக்கும் நடுவே நான் எங்கே இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். அசையாத முகம். அப்பாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்தை அவரே இப்படிப் பார்த்திருக்க மாட்டார். வெகுநேரம் அங்கேயே நின்றேன். எனக்கு முந்தி அது கண் சிமிட்டிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதிசயம் என்றவர்களும் என் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் கோமதி மூக்கருகே புறங்கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். "உசுரோடதான்டி இருக்கேன்" என்றால், "ஆடாம இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்பாள். இருவரும் சிரிப்போம்.

இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நின்ற உடம்போடு பழகுவதற்கும் நாளாகும். எனக்கு நடை மந்தமானது. கூப்பிட்டால் திரும்ப நேரமாகிறது. வார்த்தைகள் தொலைகின்றன, இந்தக் கட்டுரையையே ஒற்றை விரலால் போனில் தட்டி, மறந்துபோய், மறுபடி தட்டித்தான் எழுதுகிறேன். நோய் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது, சத்தம் மட்டும் அடங்கியிருக்கிறது.

சத்தம் அடங்கியதால்தான் இன்னொரு சத்தம் கேட்டது. கோமதி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். டக், டக்கென்று தரையில் ஏதோ தட்டியது. சொட்டுகிற குழாய் என்று நினைத்தேன். எழுந்துபோய்க் குழாயைத் திருகினேன். சத்தம் நிற்கவில்லை. சீரான தட்டல் இல்லை, இரண்டு தட்டி, விட்டு, ஒன்று தட்டி, மறுபடி மூன்று. கீழே பார்த்தேன். அவள் கால்விரல் எழும்பி எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது. மெட்டி டைல்ஸில் பட்டது. அவள் ரசத்துக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டுக்குத் தாளம் போடுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் பாட்டு எதுவும் ஓடவில்லை.

சாரல் தொடங்கியதும் கோமதி குற்றாலம் போகலாம் என்றாள். எனக்கு அருவியில் தலை கொடுக்கத் தடை. கம்பியும் பெட்டியும் இருக்கிற உடம்பில் அந்த அடி விழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சீசனில் தென்காசிக்காரனிடம் இதைச் சொல்வதற்கு ஒரு கல்நெஞ்சு வேண்டும். துண்டையும் பையையும் வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். கோமதி பெண்கள் பக்கம் வரிசையில் போனாள்.

அருவிக்குள் நின்ற அத்தனை பேரும் ஆடினார்கள். தோள் குலுங்க, கழுத்து வெட்ட, கை அலைய. தண்ணீர் அடித்து ஆட்டுகிற ஆட்டத்தில் யார் நோயாளி என்று யாரால் சொல்ல முடியும்? வெளியே வந்தவர்களும் பல் தந்தியடிக்க நடுங்கினார்கள். கோமதியும் நடுங்கிக்கொண்டே வந்தாள். ஈரத்துணி மாற்றி, பஜ்ஜிக் கடை அடுப்போரம் நின்றோம். மேகம் விலகி வெயில் வந்தது. ஒவ்வொருவராக நடுக்கம் அடங்கினார்கள். அவளோடு குளித்த பெண்கள் தலை துவட்டிக்கொண்டு சிரித்துப் பேசினார்கள்.

கோமதியின் கையில் இருந்த டீ மட்டும் விளிம்பைத் தாண்டிச் சிந்திக்கொண்டே இருந்தது.

நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"எப்பம் இருந்து?" என்றேன்.

"உங்க ஆபரேஷனுக்கு முந்தியே."

"உனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஆடுனது எனக்கே தெரியலையே."

"ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்கப் போனேன்லா. தைக்கிற பிள்ள 'ஆடாம நில்லுங்கக்கா'ன்னா. திரும்பவும் சொன்னா. 'நான் ஆடலியே'ன்னேன். சொல்லி வாய மூடல, அது நீங்க எப்பமும் சொல்லுத வார்த்தைல்லான்னு தெரிஞ்சிட்டு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அப்பம் ஏன்டி எனக்கு மண்டையத் திறக்க வச்ச? உனக்கில்லா முதல்ல பாத்திருக்கணும்?"

"எனக்கு இன்னும் நாள் இருக்கு அத்தான்." அடுப்புத் தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குக் கூடிப்போகும்போது, பிடிச்சுக்க ஒரு கையாவது ஆடாம இருக்கணும்லா. ரெண்டு பேரும் ஆடிட்டு நின்னா யாரு யாரப் பிடிக்க? அதான் உங்களுக்குச் சீக்கிரம் செஞ்சிரணும்னு கிடந்தேன்."

என் கஷ்டம் பொறுக்காமல் துடிக்கிறாள் என்று நினைத்திருந்தேனே. அவள் தனக்கு வேண்டிய ஒரு துணையை, நேரம் இருக்கும்போதே தயார்செய்து வைத்திருக்கிறாள். பஜ்ஜிக் கடை என்றும் பார்க்காமல் நான் அழுதேன். "எல்லாரும் பாக்காவ, கண்ணத் துடைங்க" என்று அவள் சுருட்டிய கையாலேயே துண்டை எடுத்து நீட்டினாள்.

பிறகு மலையைத் தாண்டினோம். இந்த முறை அவள் ரத்தம் கொடுத்தாள். டாக்டருக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது, அவள் நாக்கை நீட்டியபோது அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் தெரிந்தது. முடிவை வாங்க இன்னொரு முறை போனோம். ஆமாம், இருக்கிறது. தாளில் அத்தையின் வட்டத்துக்கும் அவளுடைய வட்டத்துக்கும் அவர் கறுப்பு அடித்தார்.

இப்போது காலம் எனக்கு வேறு மாதிரி ஓடுகிறது. அவளுக்கு நாளைக்கு வரப்போவது எனக்கு நேற்றே வந்துவிட்டது. அடுத்து எந்த விரல், எந்தத் தோள், எப்போது புரையேறும் என்பதெல்லாம் ஏற்கெனவே நடந்ததுபோலத் தெரிகிறது. அவள் சமைக்கும்போது பின்னால் ஒரு அடி தள்ளி நிற்கிறேன். எனக்குள் இருக்கிற அசைவின்மைக்கும் ஒரு கெடு உண்டு. அதற்குள் அவளுக்கு எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவு கொடுத்துவிடவேண்டும். இந்த உடம்பை இப்போது அவளுக்காகத்தான் வேளாவேளைக்குச் சாப்பிடவைத்து, நடக்கவைத்து, தூங்கவைக்கிறேன்.

முடிவை வாங்கிக்கொண்டு திரும்பிய அன்று, புளியரைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்கள். அதுவரை வளைவுகளில் எல்லாரையும் குலுக்கிக்கொண்டு வந்த வண்டி அசையாமல் நின்றது. கோமதியின் கை சீட்டில் கிடந்தது. நான் அதன்மேல் என் கையை வைத்தேன்.

உள்ளங்கைக்குக் கீழே அது துள்ளியது. ஒரு விரல் எழுந்தது, தணிந்தது, மணிக்கட்டு புரண்டது, மறுபடி வேறொரு விரல். அவள் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் என் உடம்பில் குடியிருந்தும் எனக்கு ஒருமுறைகூடத் தெரியாமலிருந்ததை நான் முதல்முறையாக உணர்ந்தேன்.

இப்படித்தான் இருந்திருக்கிறது.